நான் ஒருத்தன் மாறினால் குளம் மாறுமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடைக்குத் துணிப்பை கொண்டுபோகிறார். வீட்டுக் குப்பையை மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிறார். மாதம் ஒருமுறை நண்பர்களோடு குளம் சுத்தம் செய்யப் போகிறார். இத்தனை செய்தும் ஊரில் ஒன்றும் மாறின மாதிரி தெரியவில்லை. "அவனவன் ஒழுங்கா இருந்தா நாடு தன்னால ஒழுங்காயிரும், நீ உன் வேலையைப் பாரு" என்கிறார் அப்பா. "தனிமனுஷன் திருந்துறதெல்லாம் கண்துடைப்பு, அரசாங்கமும் கம்பெனியும் மாறணும்" என்கிறார் கல்லூரியில் ஒரு அண்ணன். இவர்களில் யார் சொல்வது சரி?

தம்பி, இரண்டு பேரும் உங்களை வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். அப்பா துணிப்பையோடு அனுப்புகிறார், அண்ணன் பை இல்லாமல் அனுப்புகிறார். எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை. முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை பார்த்தவன் நான். நாஞ்சில் நாட்டில் ஒரு குளத்துக்குக் கீழே அறுபது சென்ட் வயலும் உண்டு. கூட்டம் எப்படிக் கூடுகிறது, எப்படிக் கலைகிறது என்பதை மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அதிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் குளத்தின் கதையிலிருந்தே தொடங்கலாம். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் எல்லாம் தினமும் முகம் பார்க்கிறவர்கள். பன்னிரண்டு ஏக்கர் இருக்கும். பேச்சிப்பாறை அணை திறந்ததும் சானல் வழியாக வரும் தண்ணீர் குளத்தில் நிறைந்து, மடை வழியாக ஏலாவுக்கு, அதாவது வயல்பரப்புக்குப் போகும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்கள். இப்போது பாதி வயலில் வாழை, மீதியில் கொஞ்சம் வீட்டுமனை. அது வேறு சோகம், அதற்குள் போகவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் குளம் முழுக்க ஆகாயத்தாமரை மூடியது. தண்ணீர் இருக்கிற இடமே தெரியாது, மாடு இறங்கினால் மேய்ச்சல் நிலம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை நாற்பது பையன்கள் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கி, கயிறு கட்டி இழுத்து, மத்தியானம் இரண்டு மணி வரை வேலை. கரையில் ஆள் உயரத்துக்குக் குவியல். டீயும் ரசவடையும் வாங்கிக் கொடுத்தோம், போட்டோ எடுத்தார்கள், பேப்பரிலும் வந்தது. நாலே மாதத்தில் குளம் பழையபடி பச்சை. அடுத்த வருடம் இருபது பேர் வந்தார்கள். மூன்றாம் வருடம் ஒருவரும் வரவில்லை. "இந்தக் காலத்துப் பையன்களுக்கு அக்கறை இல்லை" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் குளத்தில் இறங்கியவர் யாரும் இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

விஷயத்தைப் பிடித்தது எங்கள் பழைய மடைக்காரர். "சாரே, செடியைப் பாக்காதீங்க, அது எதைத் தின்னுட்டு இப்படி வளருதுன்னு பாருங்க" என்று கையைப் பிடித்துக் கரையோரமாக அழைத்துப்போனார். தாழம்புதருக்கு அடியில் ஆறு இஞ்ச் பிவிசி குழாய். மேலே உள்ள கல்யாண மண்டபத்தின் கழிவுநீர் அத்தனையும் அதன் வழியாகக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. முகூர்த்த நாளுக்கு மறுநாள் போய் நின்றால் முந்தின நாள் போட்டது அடைப்பிரதமனா பால்பாயசமா என்று வாசனையிலேயே சொல்லிவிடலாம். அதற்கும் மேலே, புதிதாக மனை போட்ட இடத்தில் இருபத்தைந்து வீடுகள். அந்த வீடுகளின் அடுக்களைத் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் சின்ன ஓடையில் இறங்கி இங்கேதான் வந்து சேருகிறது. ஆகாயத்தாமரைக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. நாற்பது பையன்கள் இலையைப் பறித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேருக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த இருபத்தைந்து வீட்டுக்காரர்களைப் பற்றி யோசியுங்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆசிரியர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். காலையில் முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளிக்காத வீடு அதில் ஒன்றுகூடக் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91 சதவீதத்தைத் தாண்டிய மாவட்டம் இது, அறிவுரை சொல்லித் திருத்த வேண்டிய ஆள்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. உறிஞ்சுகுழி தோண்ட ஏழாயிரம், எட்டாயிரம் ஆகும். நான் மட்டும் தோண்டினால் மிச்சம் இருபத்து நாலு வீட்டுத் தண்ணீர் விழத்தானே போகிறது. குளத்துக்கு என் எட்டாயிரம் தெரியவே தெரியாது. இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முப்பது வருடம் தணிக்கை பார்த்த என்னாலும் முடியவில்லை.

அப்பா சொல்வது உடைகிற இடம் இதுதான். அவனவன் ஒழுங்காக இருந்தால் போதும் என்பது, ஒருவன் ஒழுங்காக இருந்தால் அவனுக்கே பலன் கிடைக்கிற காரியங்களுக்குப் பொருந்தும். பல் தேய்ப்பது, கடன் வாங்காமல் இருப்பது, பைக்கில் ஹெல்மெட் போடுவது. எல்லோரும் செய்தால்தான் யாருக்கும் பலன் என்கிற காரியங்களில் அது செல்லாது. குளம், சாக்கடை, கடல், வாய்க்காலின் கடைசி வயல்களான கடைவரம்புக்குத் தண்ணீர் போவது எல்லாம் இந்த இரண்டாவது ரகம். அங்கே தனியாக நல்லவனாக இருப்பவன் நஷ்டப்படுவான், கொஞ்ச நாளில் சலித்துவிடுவான். உங்களுக்கு வந்திருக்கிற சலிப்பு அதுதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, எங்கள் குளம் என்ன ஆயிற்று? மனு போட்டோம். மூன்று மனு, இரண்டு ரசீது. அதற்கப்புறம் ஊரில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருபத்தைந்து வீட்டுக்கும் ஏறி இறங்கி, வீட்டுக்காரர் பெயர், ஆள் எண்ணிக்கை, தண்ணீர் எங்கே போகிறது, குழி தோண்ட இடம் இருக்கிறதா என்று எழுதினார். "நான் தோண்டுறேன், ஆனா அவரு தோண்டுவாரா?" என்று இருபது வீட்டில் ஒரே பதில். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் அந்த நோட்டை அவர் வாசித்தபோது ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், பாதி வேலை அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிட்டது. எல்லோரும் அடுத்தவனுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோயிற்று.

ஒரே கொத்தனார், ஒரே மாதம், மொத்தமாக உறை இறக்கினால் ஒரு குழி நாலாயிரத்து ஐந்நூறில் முடியும் என்று கணக்கு வந்தது. பாதியைக் குளத்து மீன் குத்தகைப் பணத்திலிருந்து கொடுப்பது என்று முடிவு. பத்தொன்பது வீடு உடனே தோண்டியது. நாலு வீடு இழுத்தடித்து அப்புறம் தோண்டியது. இரண்டு வீடு இன்றுவரை இல்லை, அவர்களோடு நான் பேசுவதையும் நிறுத்தவில்லை. மண்டபத்துக்காரர் கடைசி வரை மசியவில்லை. "இனி எங்க ஊர்க் கல்யாணம் எதுவும் உங்க மண்டபத்துல இல்ல" என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். உரிமம் பற்றி ஒரு நோட்டீசும் அதே வாரம் போய்ச் சேர்ந்தது. சித்திரைக்கு முன்னால் குழாய் அடைக்கப்பட்டது, அவர் செலவில் கழிவுத்தொட்டி வந்தது. இப்போதும் சானல் தண்ணீரோடு ஆகாயத்தாமரை வரத்தான் செய்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை கூலிக்கு இரண்டு ஆள் இறக்கினால் போதும்.

இதில் எது தனிமனிதப் பொறுப்பு, எது கூட்டு முயற்சி என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. நாற்பது பையன்கள் தூக்கியது டன் கணக்கில் இருக்கும். அந்த அம்மா தூக்கியது ஒரு நோட்டு. குளத்தை மாற்றியது நோட்டுதான். ஆனால் அந்த அம்மாவும் தனிமனிதர்தானே, அவரை யாரும் அனுப்பவில்லை. தனிமனிதன் செய்ய வேண்டிய வேலை தன் வாசலோடு முடிகிறது என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதும், நோட்டு போடுவதும், கணக்கு எழுதுவதும், கூட்டத்தில் கடைசி வரை உட்கார்ந்திருப்பதும் தனிமனிதப் பொறுப்புதான். துணிப்பையைவிடக் கடினமான பொறுப்பு.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1953-ல் வெர்மான்ட் மாநிலம், திரும்பப் பெறாத பீர் பாட்டில்களைத் தடை செய்தது. அதே வருடம் பானக் கம்பெனிகளும் டப்பா, பாட்டில் செய்கிற கம்பெனிகளும் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுகிற மனிதன்தான் குற்றவாளி, பாட்டில் செய்கிறவர் இல்லை என்கிற பிரசாரம் அங்கே பெரிதாக எழுந்தது. 1971-ல் வந்த அவர்களுடைய தொலைக்காட்சி விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. வெர்மான்ட் சட்டமோ நாலு வருடத்திலேயே காலாவதியாகிவிட்டது. அப்புறம் 2000-க்குப் பிறகு, உங்கள் ஒருவரால் வெளியாகும் கரியமில வாயுவின் கணக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள் என மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் முன்னால் நின்றது பிபி என்கிற எண்ணெய்க் கம்பெனி. எண்ணெய் விற்கிறவன் வந்து உன் லைட்டை அணைத்தாயா என்று கேட்டால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அதே பாட்டில் விஷயத்தில் நம் ஊர் அனுபவம் ஒன்று உண்டு. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. குடிக்கிறவருக்குச் சுற்றுச்சூழல் வகுப்பு எடுத்து யாரும் பாட்டிலைத் திரும்ப வாங்கவில்லை. பத்து ரூபாய் அந்த வேலையைச் செய்கிறது. அவர் போட்டுவிட்டுப் போனாலும் பொறுக்கிக் கொடுக்க வேறொருவர் இருக்கிறார். வயலில் பாட்டில் சில்லுக் குத்திக் காலில் தையல் போட்டவன் என்ற முறையில், எனக்கு இந்தப் பத்து ரூபாயின் மேல் தனி மரியாதை.

ஆனால் ஏற்பாடு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். அதற்கு ஒன்பது, பத்து வருடம் முன்பே, ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோது, கன்னியாகுமரி பிளாஸ்டிக் இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நாகர்கோவில் கடைகளில் நிஜமாகவே பை மாறியது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இறைச்சிக் கடையில் தேக்கிலை திரும்பி வந்தது. பூவுக்குத் தாமரை இலை எப்போதுமே உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து ஆச்சரியப்பட்டுப் போனார்கள். ஆனால் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் தடை இல்லை, களியக்காவிளையைத் தாண்டினாலும் தடை இல்லை. கண்காணிப்பு கொஞ்சம் தளர்ந்ததும் பை திரும்பி வந்தது. தடை போட்ட கைக்கு எட்டாத இடத்தில் பை உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. தடை இருந்த காலத்தில் மக்கள் அதைத் தங்கள் ஏற்பாடாக ஆக்கிக்கொள்ளவும் இல்லை, ஆட்சியரின் ஏற்பாடாகவே விட்டுவிட்டார்கள். நிலையாகப் பிடித்துக்கொண்டது சில கடைத்தெருக்களில் மட்டும். வியாபாரிகளே கூடிப் பேசி, எவனும் பை கொடுக்க மாட்டோம் என்று ஒரே நாளில் நிறுத்திய தெருக்கள் அவை. ஒரு கடை மட்டும் நிறுத்தினால் கிராக்கி பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்கிற பயம் அங்கே இல்லை.

கடலுக்கு வருவோம். இந்த மாதிரிச் சிக்கலைப் புரிந்துகொள்ளக் கடலைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மாவட்டம் ஒன்று, மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கும். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடை கிடையாது.

தடை என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளச்சலில் மனச்சாட்சி உள்ள ஒரு விசைப்படகுக்காரர், முட்டை வைக்கிற மீனைப் பிடிக்கக் கூடாது என்று இரண்டு மாதம் படகைக் கட்டிப்போடுகிறார். என்ன நடக்கும்? அவர் விட்ட மீனை அடுத்த படகு பிடிக்கும். அவருடைய தொழிலாளிகள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். டீசலுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி வாசலில் வந்து நிற்பார். மீனும் மிஞ்சாது, மனிதரும் மிஞ்ச மாட்டார். எல்லோருக்கும் சேர்த்துத் தடை வந்த பிறகு அதே மனிதர் அதே காரியத்தைத் தலைநிமிர்ந்து செய்யலாம். நல்லவனாக இருப்பதற்காக ஒருவன் நஷ்டப்பட வேண்டாத ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். கூட்டு முயற்சி என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லுகிற விளக்கம் இதுதான்.

மீதிப் பத்து மாதத்துக்கு அந்தச் சட்டம் எட்டாது. நடுக்கடலில் எந்தக் கண்ணி அளவில் வலை விடுகிறீர்கள், குஞ்சு மீன் ஏறினால் திருப்பி விடுகிறீர்களா, மீன்மாவு ஆலைக்கு அனுப்புகிறீர்களா என்று பார்க்க ஒவ்வொரு படகிலும் ஆள் போட முடியாது. அங்கே வேலை செய்வது மனச்சாட்சி, அதைவிட, துறைமுகத்தில் சக தொழிலாளி என்ன சொல்வான் என்கிற கூச்சம். கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. அது பெரிய காவல்காரன்.

ஒக்கி புயல் ஞாபகம் வருகிறது. 2017 நவம்பர் 30. இங்கே மலையோரத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததைத்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். கடலில் என்ன நடந்தது என்பது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஊர்களிலிருந்து நாலு நாள் கழித்துத்தான் எங்கள் காதுக்குச் சரியாக எட்டியது. காணாமல் போனவர்களைத் தேட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே போனார்கள். தனிமனிதத் துணிச்சல் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் துணிச்சலால் முடியாத ஒரு காரியம் இருந்தது. ஒருவர் காணாமல் போனால் அவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி பொதுவாக ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு வருடமும் அவர் மனைவிக்குச் சான்றிதழ் இல்லை, நிவாரணம் இல்லை, வங்கிக் கணக்கில் உள்ள பணமும் இல்லை. ஒரு பெண் தனியாகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தாலும் இது மாறாது. டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிந்தைய மாதங்களில், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் ஏழு வருடம் காக்காமல் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைத்தது. அந்த உட்காருதலுக்குப் பின்னால் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப்பேரவை இருந்தது, பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியம் என்கிற குழு இருந்தது, பழகிப்போன ஊர்க்கூட்டம் இருந்தது. அன்றைக்குத் தொடங்கிய கூட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கே கலைந்திருக்கும்.

படிப்பாளிகள் இதைப் பற்றி நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1968-ல் காரெட் ஹார்டின் என்கிற அமெரிக்க உயிரியலாளர், பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டே தீருவார்கள், நிலம் அழிந்தே தீரும் என்று எழுதினார். அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம். எலினோர் ஆஸ்ட்ரம் என்கிற அம்மையார் அதை மறுத்தார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். பாசன வாய்க்கால், காடு, மீன்பிடி இடம் என்று பல நாட்டிலும் பார்த்து, பயன்படுத்துகிற மக்களே விதி போட்டு, தங்களுக்குப் பதில் சொல்கிற ஒரு காவலை வைத்து, தப்பு செய்தவனுக்கு முதலில் சின்னதாக, அப்புறம் பெரிதாக அபராதம் போட்டு நூற்றாண்டுக் கணக்கில் நடத்தியிருக்கிறார்கள் என்று காட்டினார். எங்கள் மடைக்காரர் இதைப் படித்ததில்லை. ஆனால் அவர் அப்பாவுக்கு அறுப்பின்போது ஏலாக்காரர்கள் நெல் அளந்தார்கள். ஒழுங்காக முறை வைத்துத் திறந்தால் மரக்கால் நிறையும், மேல்வயலுக்குச் சலுகை காட்டினால் கடைவரம்புக்காரர் அளக்கும்போது கை சுருங்கும். ஆஸ்ட்ரம் சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான்.

இங்கே நான் கொஞ்சம் கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். கூட்டம் என்றாலே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். திருவிதாங்கூர் ஆட்சியில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக இந்த மண்ணில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1813-ல் கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட அனுமதி கொடுத்தார்கள், 1829-ல் தோள்சீலைக்கு மறுபடியும் தடை போட்டார்கள். 1859 ஜூலை 26-ம் தேதி அறிவிப்பு வரும்வரை சந்தைக்கும் கோயிலுக்கும் சீலை போட்டுப்போன ஒவ்வொரு பெண்ணும் தன் உடம்பைப் பணயம் வைத்துத்தான் போனாள். அந்த அறிவிப்பிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி இருந்தது. போராடியது ஒரு கூட்டம். சந்தையில் சீலையைக் கிழித்ததும் ஒரு கூட்டம்தான். அதுவும் கூடிப் பேசி, ஒற்றுமையாகச் செய்தது.

அதே காலத்தில் சாமித்தோப்பில், அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் செய்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத காலம். நான் சாதி பார்ப்பதில்லை என்று ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து முடிவெடுத்தால் யாருக்கும் தாகம் தீராது. அவர் எல்லோருக்குமான முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தினார். தலைப்பாகை கட்டினால் அடி விழும் என்ற காலத்தில் வழிபட வருகிற ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். தனியாகக் கட்டியவனை அடிக்கலாம், ஊரே கட்டினால் யாரை அடிப்பது? இன்றைக்கும் பதி என்கிற அவர் வழிபாட்டுத் தலத்துக்குள் போகிற ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் போகிறார்கள். துவையல் தவசு என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் தங்கி, துவைத்து உடுத்தி, ஒருவேளை உண்டு கட்டுப்பாடாக வாழ்ந்தார்கள். தனிமனித ஒழுக்கம்தான் அது, ஆனால் எழுநூறு குடும்பம் சேர்ந்து பழகிய ஒழுக்கம் என்று சொல்வார்கள். இரண்டையும் அவர் பிரிக்கவே இல்லை.

தணிக்கையில் நான் பார்த்த கூட்டங்கள் பாதி இப்படிக் கம்பீரமானவை இல்லை. ஒரு சங்கத்தில் பேரவைக் கூட்டப் பதிவேட்டைத் திறந்தால் 212 கையெழுத்து. அதே தேதிக்குக் காப்பி வவுச்சர் பார்த்தேன், முப்பது காப்பி. மிச்சம் 182 பேரும் காப்பி குடிக்காதவர்களா என்று கேட்டேன். செயலாளர் சிரித்தார். பியூன் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார், உறுப்பினர்களும் என்ன ஏது என்று கேட்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் அந்தச் சங்கத்தில் பணம் கையாடப்பட்டது தெரியவந்து, உறுப்பினர்கள் வாசலில் வந்து கத்தினார்கள். கத்தியவர்களில் எத்தனை பேர் அந்தக் கையெழுத்தைப் போட்டவர்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி. முக்கால்வாசி.

பாசனத்திலும் இதே நோய்தான். 2000-ல் வந்த சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு, தேர்தல்கூட உண்டு. தண்ணீர் வருகிற வருடம் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. வராத வருடம் கடைவரம்புக்காரர்கள் மட்டும் வருவார்கள், தலைமடைக்காரர் வீட்டில் காய்ச்சலாக இருக்கும்.

சீதனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் மாவட்டத்தைப் பற்றிப் பேசினேன் என்று சொல்ல முடியாது. 1961-லேயே சட்டம் போட்டாயிற்று, வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கூட்டு ஏற்பாடு முழுசாக இருக்கிறது. இருந்தும் பெண் பார்க்கப் போகிற வீட்டில் இத்தனை பவுன், இத்தனை ரொக்கம், ஒரு கார் என்று பேசுவது நிற்கவில்லை. குளத்தைப் போல இங்கேயும் 'அவங்க எல்லாம் வாங்குறாங்க, நான் மட்டும்' கணக்கு இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். குளத்தில் ஒரு வீடு நிறுத்தினால் குளத்துக்குத் தெரியாது. சீதனத்தில் ஒரு பையன் வேண்டாம் என்று சொன்னால், அந்த ஒரு பெண்ணின் அப்பா தோப்பை விற்காமல் இருப்பார். அந்த நிமிடமே, முழுதாக, ஒரு வீட்டுக்குப் பலன். இந்த மாதிரி இடத்தில், அமைப்பு மாறட்டும் என்று காத்திருக்கிறவனை நான் நம்ப மாட்டேன். அந்தக் கல்லூரி அண்ணனுக்குக் கல்யாணம் பேசும்போது என்ன செய்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆக எந்தப் பிரச்சினையானாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது: இதை நான் தனியாகச் செய்தால் யாருக்காவது இப்போதே பலன் உண்டா? உண்டு என்றால் யாரையும் எதிர்பார்க்காமல் செய்துவிடுவது. இல்லை என்றால், இன்னும் எத்தனை பேர் சேர்ந்தால் பலன் வரும் என்று பார்ப்பது. இருபத்தைந்து வீடா, ஒரு கடைத்தெருவா, ஒரு துறைமுகமா, ஒரு மாநிலமா. அந்த அளவில் ஏற்கெனவே கூடுகிற கூட்டம் எது என்று தேடுவது. புதுச் சங்கம் தொடங்காதீர்கள், தயவுசெய்து. லெட்டர்பேடு அடிக்கிற செலவுதான் மிச்சம்.

உங்கள் ஊரில் என்ன கூட்டம் இருக்கிறது என்று பாருங்கள். கோயில் கொடைவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிற ஊர் என்றால் எத்தனை வீடு, யார் யார் என்று ஒரு நோட்டு யாரிடமாவது நிச்சயம் இருக்கும். கொடைக்கு வீட்டுக்கு ஆயிரம் கொடுக்கிற ஊர், அதே நோட்டை வைத்துக் குளத்துக்கு நூறு பிரிக்க முடியாதா என்று நான் எங்கள் ஊரில் கேட்டபோது முதல் வருடம் சிரித்தார்கள். கடற்கரை ஊர் என்றால் அன்பியம். பெண்களுக்குச் சுயஉதவிக் குழு. ஊராட்சியாக இருந்தால் கிராம சபை. முன்பு வருடத்துக்கு நாலு, 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. நவம்பர் 1 நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாள், 1956. அன்றைக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டுப் பிரிகிற கூட்டத்தில் பாதிப் பேர் கிராம சபைக்கு வந்தாலே, கூட்டம் செல்லுபடியாகப் போதுமான ஆள் இருக்கிறதா என்கிற கேள்வி எழாது. நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் 95 தான், பேரூராட்சிகள் ஐம்பதுக்கும் மேல். உங்கள் வீடு பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருந்தால் கிராம சபை கிடையாது, வார்டில் பகுதி சபை எப்போது என்று கேளுங்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் உங்கள் முதல் வேலை கிடைத்துவிட்டது.

துணிப்பையை விட்டுவிட வேண்டாம். அது குளத்தை மாற்றாது, ஆனால் கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசும்போது "இவன் வீட்ல என்ன யோக்கியம்?" என்று ஒருவர் கேட்பார், நிச்சயம் கேட்பார். அந்த ஆளுக்கு அது பதில்.

மாதாந்தரக் குளம் சுத்தத்தை மட்டும் இரண்டு மாதம் நிறுத்திவைத்துவிட்டு, அதே சனிக்கிழமைகளில் குளத்தைச் சுற்றி நடங்கள். எந்தெந்தக் குழாய், எந்த ஓடை, எந்த வீடு என்று எழுதுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, முகூர்த்தத்துக்கு மறுநாள் ஒரு தடவை. உங்களோடு பாசி எடுக்க வருகிற நண்பர்களில் இரண்டு பேருக்காவது இந்த வேலை பிடிக்காமல் போகும், போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை பாருங்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குப் போங்கள். காலை பத்து மணி என்று சொல்வார்கள், பதினொன்றரைக்குத்தான் தொடங்கும். நீங்கள் பத்துக்கே போய்விடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற நாலு கிழவர்களுக்குத்தான் பழைய மடை எங்கே இருந்தது, குளத்தின் எல்லை எதுவரை, எந்த ஓடையை யார் எப்போது மூடினார்கள் என்பதெல்லாம் தெரியும். நோட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.